பதினோரு மணி வகுப்பில் இன்னொரு குரல்

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ரோகிணியே முதலில் நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். பாழடைந்த பங்களாவில் அல்ல, ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், ஆட்கள் ஓயாமல் போய்வருகிற ஒரு தெருவில். அதுவும் பட்டப்பகலில். கீழே தர்பூசணி வண்டிக்காரன் தெலுங்கில் கூவிக்கொண்டு போவான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். அப்போதுதான் மாடியில் அது நடக்கும். இன்றைக்கும் ரோகிணிக்கு ராத்திரியில் பயமில்லை. பகலில் தனியாக ஓர் அறையில் உட்காரச் சொன்னால்தான் எழுந்து வெளியே வந்துவிடுகிறாள்.

ரோகிணிக்கு விருதுநகர். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்தாள். பேச்சு வராத குழந்தைகளுக்கும், பக்கவாதத்தில் பேச்சை இழந்த பெரியவர்களுக்கும் ஒவ்வொரு எழுத்தாக ஒலியைத் திரும்பக் கொண்டுவரும் வேலை. கணவன் தமிழ்ச்செல்வனை வீட்டில் எல்லோரும் செல்வம் என்பார்கள், அவளும் அப்படித்தான். அவனுக்கு ஹைதராபாத்தில் ஐ.டி. வேலை கிடைத்து டிசம்பரில் முன்னால் போனான். வீடு பார்த்ததும் அவன்தான்.

போய் இரண்டு மாதத்துக்குள் தினமும் போன். சீக்கிரம் வா, வேலையை விட்டுவிட்டு வா, இங்கே உனக்கென்று தனி அறையே இருக்கிறது, வீட்டிலிருந்தே ஆன்லைனில் வகுப்பு எடுக்கலாம் என்று நச்சரித்தான். ரோகிணிக்கு அந்த ஆஸ்பத்திரி வேலை உயிர். இருந்தாலும் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவன் இப்படி ஏங்கிக் கூப்பிட்டதே இல்லை. அதில் மனசு இளகித்தான் வேலையை விட்டாள்.

வீடு நன்றாகவே இருந்தது. கீழே உரிமையாளர்கள், பத்ரிநாராயணனும் ருக்மிணி மாமியும். கும்பகோணத்துக்காரர்கள். அவர் அரசுத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாக அங்கேயே இருப்பதால் மாமியின் பேச்சில் ஹிந்தியும் தெலுங்கும் தானாக வந்து விழும். ரோகிணி வந்து இறங்கிய அன்றே மாமி மோர்க்குழம்பு கொண்டுவந்து கொடுத்து, நீ எனக்குப் பெண் மாதிரி என்றாள்.

மாடியில் இரண்டு படுக்கையறை. ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் சாமான்கள் ஏற்கெனவே இருந்தன. தேக்குக் கட்டில், மெத்தை, ஆளுயரக் கண்ணாடி வைத்த அலங்கார மேஜை, பூட்டிய பீரோ. எதை வேண்டுமானாலும் நகர்த்திக்கொள், அறையை விட்டு வெளியே மட்டும் எடுக்க வேண்டாம் என்று மாமி சொல்லியிருந்தாள். வாடகை வீட்டில் இதெல்லாம் சகஜம். ரோகிணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறையை மாற்றுவதில் அவளுக்கு அவ்வளவு உற்சாகம். கட்டிலைச் சுவரோடு தள்ளி, மேலே ஜமக்காளம் விரித்து, திண்டுகளை அடுக்கி சோபா மாதிரி ஆக்கினாள். அலங்கார மேஜை வகுப்பு மேஜையானது. கண்ணாடி ரொம்ப வசதி. உதடு எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே படுகிறது என்று குழந்தைக்குக் காட்ட அவள் தொழிலுக்குக் கண்ணாடி வேண்டும். சுவரில் மிருகப் படங்கள், கட்டிலில் பொம்மைகள்.

கட்டிலை நகர்த்தியபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. மெத்தைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் போடுகிற ரப்பர் ஷீட். சுவரில், தலையணை உயரத்தில், ஓர் அழைப்பு மணி சுவிட்ச். அழுத்திப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை. ஒயரை யாரோ வெட்டியிருந்தார்கள்.

செல்வத்திடம் கேட்டாள். அவனுக்குத் தெரியாதாம். அந்த அறைக்குள் தான் போனதே இல்லை, அங்கே வைஃபை சரியாக எடுக்காது, ஆரம்பத்திலிருந்தே ஹாலில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன் என்றான்.

வைஃபை நன்றாகவே எடுத்தது.

மார்ச்சில் வகுப்புகள் சூடுபிடித்தன. பதினோரு மணிக்கு வருபவன் அனிருத். மூன்றரை வயது. அதே ஊரில் தார்நாகாவில் வீடு. அம்மா வித்யாலட்சுமி அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. பையன் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டான். ரோகிணி 'ம்' என்ற ஒரே ஒலியிலிருந்து தொடங்கினாள். உதட்டை மூடி, கன்னத்தைத் தொட்டு, ம்... ம்...

முதல் வாரமெல்லாம் அவன் திரையைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது வாரம் பார்த்தான். ஆனால் ரோகிணியை அல்ல. அவள் தோளுக்குப் பின்னால். கட்டில் இருக்கிற பக்கம். பார்த்தவன் சிரித்தான்.

பொம்மைகளைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

'ப' சொல்லிக்கொடுக்க ஒரு சின்ன உத்தி உண்டு. மெல்லிய காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'ப' என்றால், காற்று பட்டுத் துண்டு படபடக்கும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. ரோகிணி நிறையத் துண்டுகளை வெட்டிக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். வகுப்பு நேரத்தில் சத்தம் வரும் என்று மின்விசிறியையும் ஏர்கூலரையும் அணைத்துவிடுவாள். ஜன்னலும் மூடியிருக்கும்.

அன்று 'ப' என்றாள். கையிலிருந்த துண்டு ஆடியது.

கண்ணாடியில் பின்னால் கட்டில் தெரிந்தது. அங்கே கிடந்த துண்டுகளில் ஒன்று... ஆடியது.

எங்கிருந்தோ காற்று வந்திருக்கும். மறுபடி 'ப' என்றாள். கொஞ்சம் பொறுத்து, திண்டுக்குப் பக்கத்தில் அதே துண்டு மட்டும் ஒருமுறை துள்ளிப் படுத்தது. மற்றவை அசையவில்லை.

அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரம் முடித்தாள்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக ஒவ்வொன்று. ஜமக்காளத்தை இழுத்து நீவிவிட்டுப் போவாள், வந்து பார்த்தால் நடுவில் ஆள் படுத்து எழுந்தது போலப் பள்ளம். திண்டுகள் தலைமாட்டுக்கு நகர்ந்திருக்கும். ஒருநாள் பள்ளத்தில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. மனித உடம்பின் சூடு.

செல்வத்திடம் சொன்னபோது அவன் லேப்டாப்பிலிருந்து தலையே எடுக்கவில்லை. ஹைதராபாத் வெயிலுக்கு எதுதான் சூடாகாது, நீ பாட்டுக்குக் கிளாஸ் எடு, அந்த அறை உனக்கு ராசியான அறை என்றான்.

ராசிதான் என்றுகூட அவளுக்குத் தோன்றும்படி ஆனது. ஏப்ரலில் அனிருத் 'ம்' சொல்லிவிட்டான். நாலு நாளில் 'மா'. அந்தப் பக்கம் வித்யாலட்சுமி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டாள்.

"மேடம், உங்க கூட இன்னொரு ஸ்டூடன்ட் இருக்காங்களா?"

ரோகிணிக்குப் புரியவில்லை.

"பின்னாடி ஒரு குரல் வருது மேடம். நீங்க சொன்னதுக்கப்புறம் அவங்க சொல்றாங்க. அதைக் கேட்டுத்தான் இவன் சொல்றான். உங்களைவிட அவங்க சொன்னாத்தான் சொல்றான்."

ரோகிணி திரும்பவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தாள். கட்டிலில் பொம்மைகள். திண்டுகள். பள்ளம்.

எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

அன்று கீழே போய் மாமியிடம் கேட்டாள், அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று. மாமி முகம் மாறவே இல்லை. பூஜை அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒரு படம். ஐம்பது வயதுக்காரி, மெலிந்த முகம், ஒரு பக்கம் லேசாக இழுத்த வாய். சந்தனப் பொட்டு, சந்தன மாலை.

"என் நாத்தனார். ஹம்ஸினி. கல்யாணம் பண்ணிக்கலை. ஸ்ட்ரோக் வந்து பேச்சே போயிடுத்து. பாவம்... போயிட்டா. நீ ஒண்ணும் பயப்படாதே, சாது. டென்ஷன் நக்கோ, கவலையே வேண்டாம்."

பேச்சே போயிடுத்து.

மாடிப்படி ஏறும்போதுதான் ரோகிணிக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாராவது என்றால் அன்றே அறையைப் பூட்டியிருப்பார்கள். ரோகிணியும் பூட்டத்தான் போனாள். செல்வம் விடவில்லை. அனிருத் இப்போதுதான் பேசுகிறான், இடத்தை மாற்றினால் எல்லாம் கெட்டுப்போகும், இறந்தவர் ஒன்றும் கெட்டவர் இல்லையே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வெறும் பயத்துக்காக ஒரு குழந்தையின் பேச்சைக் கெடுப்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

மே முதல் வாரம் சித்தி மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் விருதுநகர் போக வேண்டியிருந்தது. செல்வம் போகவே வேண்டாம் என்றான். சண்டை போட்டுத்தான் போனாள். திரும்பி வந்தபோது அவன் வீட்டில் இல்லை. தெருவில், காருக்குள், சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கண் சிவந்து, தாடி வளர்ந்து, ஜுரத்தில் கிடந்தவன் மாதிரி இருந்தான்.

அவளைப் பார்த்ததும், எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. இன்னைக்குக் கிளாஸ் இருக்குல்ல என்றான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு கிடையாது. பரவாயில்லை, சும்மாவாவது அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்காரேன் என்றான். குரல் கெஞ்சியது.

ரோகிணிக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தாள். இவன் எதற்காக இதைச் சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளவே உட்கார்ந்தாள்.

ஜன்னல் மூடியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. கண்ணாடிக்கு முன்னால் அவள். பின்னால் கட்டில்.

மெத்தை மெல்ல அமுங்கியது. கட்டில் சட்டம் கிறீச்சிட்டது.

"ம்..."

பெண் குரல். தொண்டை வறண்ட குரல்.

"ம்... மா... மி..."

ரோகிணி கண்ணாடியையே பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

"மி... த... மி..."

அவள் சொல்லிக்கொடுத்த முறை அப்படியே. ஒவ்வொரு ஒலியாக. தேடி... தேடி...

"தமி... தமிய்."

நிறுத்தம்.

"தமிய்... வரல."



ழகரம் வராதவர்கள் யகரம் போடுவார்கள். எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். தமிய். தமிழ்.

வீட்டில் அவன் செல்வம். ஊரில் செல்வம். தமிழ் என்று கூப்பிடுவது ஒரே இடத்தில்தான். அவன் ஆபீஸில். மீட்டிங் ஆரம்பிக்கும்போது அவனே சொல்லுவான், ஹலோ, தமிழ் பேசறேன் என்று.

இந்த அறைக்குள் போனதே இல்லை என்றவன்.

"ஏன்... வரல?"

மூச்சு அவள் பின்கழுத்தில் பட்டது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஹாலில் செல்வம் கதவையே பார்த்தபடி நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் ரோகிணி.

அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு எல்லாம் வெளியே வந்தது. டிசம்பரிலிருந்து அவன் அந்த அறையில்தான் வேலை பார்த்தான். பத்து நாளிலேயே தெரிந்துவிட்டது. பயந்து ஹாலுக்கு மாறினான். அறை காலியானால் அது அங்கே இருக்காது. ஹாலுக்கு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். சமையலறை வாசலில் நிற்கும். ராத்திரி அவன் படுத்திருக்கும் கட்டிலில், பக்கத்தில், மெத்தை அமுங்கும். கீழே போய் மாமியிடம் முறையிட்டபோது, அவள் ஆச்சரியப்படவே இல்லையாம்.

"பகல்ல யாராச்சும் அந்த ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்தா போதும், வேற எங்கயும் வராதுன்னாங்க. பொம்பளை ஆளுன்னா இன்னும் நல்லதுன்னாங்க. நான் ரெண்டு மாசம் உக்காந்தேன், ரோகிணி. என்னால முடியல."

"அதுக்குத்தான் என்னைய வரச் சொன்னீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வேற வீடு பாத்திருக்கலாமே."

 உன்னை அது ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன் என்று முனகினான்.

இந்த மூன்று மாதமாக அவன் நிம்மதியாகத் தூங்கியது அவள் கண் முன்னால் வந்தது. அவளைத் தினமும் அதனோடு அடைத்துவைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஏங்கிக் கூப்பிட்டான் என்று நினைத்தாளே. அந்த ஏக்கத்தை நம்பி ஆஸ்பத்திரி வேலையை விட்டாளே.

அன்றே பெட்டியைக் கட்டினாள். படியிறங்கும்போது மாமி வாசலில் நின்று, என்னம்மா திடீரென்று கிளம்பிவிட்டாய் என்றாள். ரோகிணி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தெரிந்தே மோர்க்குழம்பு கொடுத்த கை. தெருவில் இறங்கி நடந்தாள்.

மாடியில் அந்த ஜன்னல் மூடித்தான் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

விருதுநகர் திரும்பிப் போய் அம்மாவிடம் விளக்கம் சொல்ல அவளுக்கு மனசில்லை. தார்நாகாவில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பிடித்தாள். வித்யாலட்சுமி தனக்குத் தெரிந்த கிளினிக்கில் சேர்த்துவிட்டாள். அனிருத் இப்போது நேரிலேயே வந்தான், நன்றாகப் பேசினான். அவ்வப்போது மட்டும், அந்த ஆன்ட்டி எங்கே என்று கேட்பான். செல்வம் முதலில் நிறைய போன் பண்ணினான். அவள் எடுக்கவில்லை. ஜூலையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டதாக அவன் அண்ணன் சொன்னார்.

ஆகஸ்டில் சைனிக்புரியிலிருந்து கிளினிக்குக்கு அழைப்பு வந்தது. முதியோரைப் பராமரிக்கிற சின்ன இல்லம். பக்கவாதத்தில் ஆறு வருஷமாகப் பேசாமல் கிடந்த ஒரு பெண்மணி திடீரென்று ஒலி எழுப்பத் தொடங்கியிருக்கிறார், தமிழ்க்காரர், தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ரோகிணியை அனுப்பினார்கள்.

நல்ல வெளிச்சமான இடம். மாமரங்கள், வெள்ளைச் சுவர். உள்ளே அழைத்துப் போன நர்ஸ் நாகம்மா சித்தூர்ப் பக்கம். தமிழ் நன்றாகப் பேசினாள். நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மார்ச் மாதம் ஆரம்பித்ததாம். தினமும் காலை பதினோரு மணி வாக்கில். முதலில் 'ம்'. வெறும் 'ம்'. அப்புறம் 'ப'. சொல்லிவிட்டு எதையோ எதிர்பார்த்து வாசலையே பார்ப்பாராம். மே மாதத்துக்குப் பிறகு ஒலிகள் நின்றுபோய், இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான்.

ரோகிணி நடப்பதை நிறுத்தினாள்.

"எந்த ஊர்க்காரங்க?"

"இங்கதான் மேடம், ஏ.எஸ்.ராவ் நகர். ஹம்ஸினியம்மா."

கதவு திறந்திருந்தது.

கட்டிலில் மெலிந்த ஓர் உருவம். நரைத்த தலை. படத்தில் பார்த்த அதே முகம், ஆறு வருஷம் மூத்திருந்தது. ஒரு பக்கம் இழுத்த வாய். மார்பு ஏறி இறங்கியது. கண்கள் ரோகிணி மேல் வந்து நின்றன.

"மிஸ்..."

வறண்ட குரல். அதே குரல்.

"மிஸ்... ஏன்... வரல?"

ரோகிணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளின் கை போர்வைக்குள்ளிருந்து நகர்ந்து வந்து அவள் விரல்களைப் பற்றியது. சூடான கை. உயிருள்ள கை.

இவர் எப்போதாவது வெளியே போனாரா, யாராவது வீட்டுக்கு அழைத்துப் போனார்களா என்று கேட்டாள். 

நாகம்மா தலையை ஆட்டினாள். இந்தக் கட்டிலை விட்டு ஆறு வருஷமாக எழுந்ததே இல்லையாம். அண்ணன் கொண்டுவந்து விட்டதோடு சரி, ஒருநாள் வந்து எட்டிப் பார்த்ததில்லை. பேச ஆரம்பித்த செய்தியைச் சொல்லப் போன் பண்ணியபோது, அண்ணி எடுத்திருக்கிறாள்.

"இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டாங்க மேடம். உயிர் போனாக்கூடச் சொல்ல வேணாமாம். இவங்களுக்குக் காரியமெல்லாம் பண்ணி முடிச்சு ஆறு வருஷமாச்சாம்."

கட்டிலில் இருந்தவள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.